உபகாரமா, உரிமையா?

ஆங்கிலச் சட்டங்களையும் விதிகளையும் தமிழிற் பெயர்த்துத் தருவது என் தொழில். சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பவனுக்குச் சில சொற்கள் வரலாற்றையே எடுத்துரைத்துவிடும். அத்தகைய சொல் ஒன்றைக் கொண்டே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

'பென்ஷன்' என்பதை இன்று நாம் ஓய்வூதியம் என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் வேறு. 'உபகாரச் சம்பளம்' என்பது அந்தப் பெயர். உபகாரம் என்றால் கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. மனம் மாறினால் நிறுத்திவிடக் கூடியது. ஊதியம் என்பதோ உழைத்தவன் ஈட்டியது. கேட்டு வாங்குவதற்கு உரியது. 1982 டிசம்பர் 17-ஆம் நாள், நகாரா என்பார் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டியது. ஓய்வூதியம் பிச்சையன்று, முதலாளியின் தயவுமன்று, முன்பு செய்த உழைப்புக்குப் பின்னர் வரும் கூலியே என்பது அத்தீர்ப்பின் சாரம். அது அரசு ஊழியரைப் பற்றிய வழக்கேயாயினும் அதன் கருத்து எல்லா உழைப்பாளர்க்கும் பொருந்துவது. ஓய்வூதியர்கள் அந்நாளை இன்றும் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பெயர் மாறிவிட்டது. பொருளும் மாறியதா? சொந்த ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களுக்கு வந்திருக்கும் நமக்கு இந்தக் கேள்வி மிகவும் இன்றியமையாதது. ஊரிலே நிலமும் உற்றாரும் உள்ளவனுக்கு முதுமையில் ஒரு திண்ணையாவது மிஞ்சும். வந்த இடத்தில் வாடகை வீட்டில் வாழ்பவனுக்கு மாதந்தோறும் வரும் காசே திண்ணை.

நான் வாழும் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். இந்நகரில் தமிழர் உழைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகளைக் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பஞ்சாலைகளில் நம்மவர் தறியோட்டினர். 1940-இல் விமானத் தொழிற்சாலை எழுந்தது. விடுதலைக்குப் பின், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. சங்கொலி கேட்டு எழுந்து, சைக்கிளில் விரைந்து, முப்பது ஆண்டுகள் ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே வாயில் வழியாக மாலையும் கையுமாக வெளியேறுவது அன்றைய தொழிலாளியின் வாழ்க்கை.

அந்த வாழ்க்கையை மனத்திற் கொண்டே நம் சட்டமும் அமைந்தது. 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-இல் நிறைவேறியது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். நாம் எல்லோரும் 'பி.எஃப்.' என்று சொல்வது இதைத்தான். தொடக்கத்தில் நெசவு, சிமெண்டு, சிகரெட்டு, இரும்பு எஃகு, காகிதம், பொறியியல் ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. தொழிலாளி சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளி அதற்கு நிகரான ஒரு பங்கு. இரண்டும் வட்டியோடு வளர்ந்து, வேலை முடியும் நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். நம்மவர் பெருவாரியாகக் குடியேறிய மலேயாவில் 1951-இலும், சிங்கப்பூரில் 1955-இலும், இலங்கையில் 1958-இலும் இவ்வகை நிதிகளே அமைந்தன. ஆனால் மாதாமாதம் வரும் ஓய்வூதியம் என்ற ஒன்று அன்றைய ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. 1971-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டமும், பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்தைக் கருதியதே யன்றி, உயிரோடு மூத்தவரைக் கருதியதன்று.

என் தந்தையார் இந்நகரின் ஆலை ஒன்றில் கால் நூற்றாண்டு வேலை செய்தவர். நான் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது அந்த ஆலை மூடப்பட்டது. அவருடைய பி.எஃப். பணம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று மாலை வீட்டில் கேசரி கிளறினார்கள். அடுத்த மாதம் என் தமக்கையின் திருமணம். அதற்கடுத்த மாதம் கூரையை மாற்றி ஓடு வேய்ந்தார்கள். ஓராண்டுக்குள் பணம் தீர்ந்தது. யாரும் ஒரு காசையும் வீணாக்கவில்லை. ஆயினும் தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு என் தந்தையார் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இரவுக் காவலராக, எழுபது வயதுவரை நின்றார். 1995 நவம்பர் 16-இல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவருடைய ஆலை அதற்குச் சில ஆண்டுகள் முன்னமே மூடிவிட்டது.

ஆகவே, மொத்தமாக வரும் பணம் வேறு, மாதந்தோறும் வரும் பணம் வேறு என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மொத்தப் பணத்திற்குப் பல கைகள் நீளும். மாதப் பணத்திற்கு அரிசிப் பானை ஒன்றுதான் வாய் திறக்கும்.

1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின் அமைப்பைச் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கு பிடித்தம். முதலாளியும் 12 பங்கு செலுத்துகிறார். தொழிலாளியின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்குச் செல்கிறது. முதலாளியின் 12-இல் 8.33 பங்கு ஓய்வூதிய நிதிக்கும், எஞ்சிய 3.67 பங்கு வைப்பு நிதிக்கும் போகின்றன. மத்திய அரசு தன் பங்காக 1.16 சேர்க்கிறது. ஓய்வூதியக் கணக்கிற்குரிய சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக்கப்பட்டது. பத்தாண்டு பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணியாண்டுகளாற் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம்.

இத்திட்டம் பிறந்த அதே காலத்தில், அது எந்த வாழ்க்கையை நம்பி அமைந்ததோ அந்த வாழ்க்கை கரையத் தொடங்கிவிட்டது என்பதுதான் விந்தை. பெங்களூருக்குக் கிழக்கே, தமிழர் உழைப்பாலேயே எழுந்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் மக்கள் இன்று விடியலுக்கு முன் ரயிலேறி, பெங்களூரில் ஒப்பந்தக் கூலிகளாகவும் காவலர்களாகவும் வேலை செய்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். நாட்டு மக்கள் கைகளிலெல்லாம் கடிகாரம் கட்டிய எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. பொதுத்துறைத் தொழிற்சாலைகள் பல இன்றும் சிறப்பாக நடக்கின்றன; ஆனால் உள்ளே நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே, அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறார். வேலை இருக்கிறது, 'என் வேலை' என்று சொல்லிக்கொள்ளும் உறுதி இல்லை.

இந்த மாறுதல் வெடித்து வெளிப்பட்ட நாட்கள் 2016 ஏப்ரல் 18, 19. பெங்களூரில் ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 'கார்மெண்ட்ஸ்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். அவற்றில் உழைப்போர் பெரும்பாலும் பெண்கள். அவ்வாண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. வேலையை விட்டவர் தம் பங்கை மட்டுமே எடுக்கலாம், முதலாளி செலுத்திய பங்கை 58 வயது நிறைந்த பின்னரே பெறலாம் என்பது அதன் சாரம். செய்தி மெல்ல மெல்லத் தையற்கூடங்களுக்குள் பரவிற்று. ஏப்ரல் 18 காலை ஓசூர் சாலையில் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். மறுநாள் பீனியா, ஜாலஹள்ளி, துமகூர்ச் சாலை என்று நகரமே நின்றது. அவர்களை அழைத்து வந்த பெருந்தலைவர் எவரும் இல்லை. தடியடி நடந்தது; பேருந்துகள் எரிந்தன. வன்முறையை யாரும் போற்றமாட்டார்கள். ஆனால் பத்தொன்பதாம் நாள் மாலைக்குள் மத்திய அரசு அந்த அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

அந்நாளில் கற்றவர் சிலர் இப்படிச் சொன்னார்கள்: "முதுமைக்கென்று அரசாங்கம் சேமித்து வைக்கச் சொன்னால், இந்தப் பெண்கள் வேண்டாம் என்கிறார்களே!" முதலில் எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. பின்னர் எங்கள் தெருவில் வசிக்கும் தையற்கூடப் பெண்மணி ஒருவர், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர், எனக்கு விளக்கினார். "ஐயா, ஐம்பத்தெட்டு வயசுவரைக்கும் என்னை எந்த கார்மெண்ட்ஸில் வைத்திருப்பார்கள், சொல்லுங்கள். நாற்பது தாண்டினால் கண் மங்கும், இடுப்பு போய்விடும். மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்குக் கேட்கிறார்கள். முடியவில்லை என்றால் நாமே எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். அப்போது பையனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட அந்தப் பணம்தானே உண்டு?" என்றார்.

அவருக்கு மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதுவரை வேலை தரும் என்று எண்ணி எழுதப்பட்ட விதி, நாற்பதில் வேலையினின்று தள்ளும் தொழிலுக்குப் பொருந்துமா? பெண்கள் மறுத்தது முதுமைக்கான சேமிப்பையன்று. நாற்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடையிலுள்ள பதினெட்டு ஆண்டுகளைக் கண்ணெடுத்துப் பாராத விதியையே.

எனினும், அவர்கள் வென்றெடுத்த உரிமையிலேயே ஓர் இழப்பும் மறைந்து கிடக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

வேலையை விட்டுப் பணம் எடுக்கச் செல்பவரிடம் வழக்கமாக இரண்டு படிவங்களில் கையொப்பம் வாங்குகிறார்கள். ஒன்று 19-ஆம் எண் படிவம். அது வைப்பு நிதிக்குரியது. மற்றொன்று 10-சி படிவம். அது ஓய்வூதியக் கணக்கிற்குரியது. இரண்டும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். முதற் படிவத்தால் பணம் கைக்கு வரும். இரண்டாவதில் பணம் வேண்டும் என்று கேட்டால், பணத்தோடு அந்தப் பணியாண்டுகளும் கணக்கினின்று அழிந்துபோகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரு பெண்கள், இருவரும் மூன்று தொழிற்சாலைகளில் நான்கு நான்கு ஆண்டுகள் உழைத்தவர்கள், கடைசிச் சம்பளச் சராசரி 12,000 ரூபாய் என்று கொள்வோம். முதற்பெண் ஒவ்வொரு முறையும் இரண்டு படிவங்களிலும் பணம் கேட்டு வாங்கினார். ஓய்வூதியக் கணக்கிற்காக ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம் வந்திருக்கும். 58 வயதில் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. ஏனெனில், எந்த இடத்திலும் பத்தாண்டு நிறையவில்லை. மற்றப் பெண்ணும் முதற் படிவத்தால் வைப்பு நிதியை எடுத்துக்கொண்டார். ஆனால் 10-சி படிவத்தில் பணம் கேட்காமல், பணியாண்டுகளைக் காத்துத் தரும் திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கினார். அவருடைய ஆண்டுகள் 4, 4, 4 என்று சேர்ந்து 12 ஆயின. 12,000-ஐ 12-ஆற் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,057 ரூபாய். ஆண்டுக்கு 24,684 ரூபாய். அது அவர் உயிருள்ளளவும் வரும். அவருக்குப் பின் கணவருக்குப் பாதி வரும். மூன்று தடவையும் முதற்பெண் வாங்கிய மொத்தத்தை இவர் ஆறாண்டுக்குள் பெற்றுவிடுவார். அதன் பின்னும் வருவது நின்றுபோகாது.

துண்டு துண்டான உழைப்பைக் கோத்து மாலையாக்கும் நூல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நூல் கையில் இருக்கும்போதே அதை அறியாமல் அறுத்துவிடுகிறோம்.

அதே வேளையில் 2,057 ரூபாய் என்பது எவ்வளவு சிறியது என்பதையும் நான் மறைக்கவில்லை. இந்த ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறுவதில்லை. 2014 செப்டம்பரில் குறைந்த அளவு 1,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. பத்தாண்டு கழிந்தும் அது உயரவில்லை. நான் 2004-க்குப் பின் அரசுப் பணியிற் சேர்ந்தவன். அவ்வாண்டு ஜனவரி முதல் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. சந்தையோடு ஏறி இறங்கும் புதிய திட்டமே. அதனால் எங்களிடையே மனக்குறை எழுந்து, 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த திட்டம் ஒன்று வந்தது. அதில் 25 ஆண்டு பணி செய்தவர்க்குக் கடைசி ஆண்டின் அடிப்படைச் சம்பளச் சராசரியிற் பாதி. 10 ஆண்டு பணிக்குக் குறைந்தது 10,000 ரூபாய். பத்தாண்டு உழைத்த அரசு ஊழியருக்குக் குறைந்தது 10,000. பத்தாண்டு உழைத்த தையற்கூடப் பெண்ணுக்குக் குறைந்தது 1,000. இவ்விரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது, எங்கள் மனக்குறையைப் பற்றி எனக்குச் சிறிது நாணமாகவே இருக்கிறது.

கணினித் துறையில் உயர்ந்த சம்பளம் வாங்கும் நம் இளைஞர்களும் இதில் தமக்குப் பங்கில்லை என்று இருந்துவிட இயலாது. 2014 செப்டம்பர் முதல் நாளன்றும் அதற்குப் பின்னும், 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த ஓய்வூதியத் திட்டத்தில் இடமே இல்லை. அவருக்கு வைப்பு நிதி உண்டு. மாத ஓய்வூதியம் இல்லை. அதை அவரே தேடிக்கொள்ள வேண்டும்.

இவர்களுக்கும் அப்பால், தோளில் பையும் இரு சக்கர வண்டியுமாக வீடு வீடாக உணவும் பொருளும் கொண்டு தரும் இளைஞர் கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு முதலாளி யார்? கைபேசியிலுள்ள ஒரு செயலி. 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர் முதுமைக் காப்பீட்டைத் தொடங்கிய நாள் முதல், தொழிலாளி, முதலாளி, அரசு என்ற மூவர் பங்கே இவ்வகை ஏற்பாடுகளின் தூண்கள். முதலாளி யாரென்றே தெரியாத இடத்தில் ஒரு தூண் சாய்ந்துவிடுகிறது. கர்நாடக அரசு 2025-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, நல வாரியம் அமைத்து, இவ்வகை நிறுவனங்கள் நூற்றுக்கு 1 முதல் 5 வரை நலக்கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. குறித்த காலத்திற்கென்று வேலைக்கு வைக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்கிறது அது. முன்னர் ஐந்தாண்டு வேண்டியிருந்தது. இவை நல்ல தொடக்கங்களே. ஆயினும் நலநிதி என்பது இன்னும் மாத ஓய்வூதியம் ஆகிவிடவில்லை.

அரசும் அறிஞரும் செய்ய வேண்டியவை ஒருபுறமிருக்க, நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பெயர். தமிழராகிய நம் தலையெழுத்து நம் தலைப்பெழுத்திலே இருக்கிறது எனலாம்! பள்ளிச் சான்றிதழில் தந்தையார் பெயரின் முதலெழுத்து மட்டும். ஆதார் அட்டையில் தந்தையார் பெயர் முழுவதும். தொழிற்சாலைப் பதிவில் கணவர் பெயர். 'ழ'கரம் உள்ள பெயராயின் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். இவற்றுள் ஒன்று வேறுபட்டாலும் பணம் நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே இவற்றை ஒன்றுபோல் திருத்திக்கொள்ளுங்கள். வேலையை விட்டபின், ஊர் திரும்பியபின், மூடிய தொழிற்சாலையின் கையொப்பத்திற்கு எங்கே போவது?

இரண்டாவது, எண். 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பன்னிரண்டு இலக்கங்கொண்ட ஒரு நிலையான எண் வழங்கப்படுகிறது. வேலை மாறினாலும் அந்த எண் மாறலாகாது. புதிய இடத்தில் புதிய எண் வாங்காமல், பழைய எண்ணையே கொடுங்கள். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றக் கேளுங்கள். விட்ட நாள் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர், பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று மாதந்தோறும் பார்ப்பது நலம். ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால் தொழிற்சாலை உடைமையாளரே பொறுப்பு.

மூன்றாவது, 10-சி படிவம். பண முடை நேர்ந்தால் வைப்பு நிதியை எடுங்கள். அது உங்கள் பணம். ஓய்வூதியக் கணக்கை மட்டும் தொடாதீர்கள். பணம் எடுக்கும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன; ஆகையால் கையொப்பமிடும் முன், அன்றைய விதியை வைப்பு நிதி அலுவலகத்திலேயே கேட்டறியுங்கள். மொழி தெரியவில்லை என்று கூசாதீர்கள். கன்னடம் அறிந்த அண்டை வீட்டாரைத் துணைக்கு அழையுங்கள்.

நான்காவது, வாரிசு நியமனம். பணியில் இருக்கையில் இறந்தவர் ஒரு மாதப் பங்கு செலுத்தியிருந்தாலும் குடும்பத்திற்கு ஓய்வூதியம் உண்டு. நியமனம் எழுதாததால் அலையும் கைம்பெண்கள் பலர்.

நேயர்களே, எங்கள் தெருப் பெண்மணி சென்ற ஆண்டு வேலையை விட்டார். இரண்டு படிவங்களையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒன்றை நிறைவு செய்து அனுப்பினோம். பையனின் கல்லூரிச் சம்பளம் கட்டியாயிற்று. மற்றதில் சான்றிதழ் கேட்டு எழுதினோம். அவருக்கு ஆறாண்டு கணக்கில் இருக்கிறது. இன்னும் நான்காண்டு வேண்டும். "வேறு எங்காவது கிடைக்காமலா போய்விடும், ஐயா?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். சான்றிதழைச் சேலைப் பெட்டியில் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார்.

அந்த நான்காண்டு வேலை அவருக்குக் கிடைக்குமா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. உழைப்பைத் துண்டு துண்டாக வாங்கும் காலம் இது. அந்தத் துண்டுகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து எண்ணி, உண்டு வாழப் போதிய அளவில் முதுமையில் திருப்பித் தருவதற்குரிய ஏற்பாட்டை நாடு செய்தாக வேண்டும். அது நிறைவேறும் நாளில்தான், உபகாரச் சம்பளம் என்ற பழஞ்சொல்லை ஓய்வூதியம் என்று நாம் மொழிபெயர்த்தது சரியாகும்.